தொடாமல் தொடும் வைத்தியம்

தாதித் தொழில் மேலான தொழில் என்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. நல்ல சங்கீதம் கேட்டால் நோயாளியின் பயமும் கவலையும் குறைகின்றன என்பதிலும் ஆட்சேபணையில்லை. ஏனெனில் அது பரீக்ஷித்துப் பார்க்கப்பட்ட விஷயம். ஆனால் இவ்விரண்டின் முதுகிலும் "ஆத்ம சக்தி வைத்தியம்" என்பது ஏறிச் சவாரி செய்ய வருவதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

1972-ல் அமெரிக்காவில், நியூயார்க் சர்வகலாசாலையில் தாதிகளுக்குப் போதித்துவந்த டொலோரஸ் கிரீகர் அம்மையாரும், பிரம்மஞான சங்கத்து டோரா குன்ஸ் அம்மையாரும் சேர்ந்து "ஸ்பரிச சிகிச்சை" என்பதாக ஒன்றைக் கிளப்பினார்கள். பெயர்தான் ஸ்பரிசம், கை உடம்பில் படவே வேண்டியதில்லை! உடம்பைச் சுற்றியுள்ள சக்தியைக் கையால் தடவிச் சரிப்படுத்துகிறார்களாம்! அதற்கு ஆதாரமோ "பிராணன்" என்னும் நம் நாட்டுப் பழைய சரக்கு. படித்த தாதிகள் பலரும் இதை நம்பினார்கள்.

எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி நம்பவில்லை. இவ்வைத்தியர்கள் 21 பேரை ஒரு தட்டிக்குப் பின்னால் உட்காரவைத்து, இரு கைகளையும் இப்புறம் நீட்டச் சொல்லி, "என் கை உங்கள் எந்தக் கைக்கு மேல் இருக்கிறது?" என்று கேட்டாள். 280 தடவையில் 123 தடவைதான் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் பாதி சரியாயிருக்குமே! 1998-ல் அமெரிக்க வைத்திய சங்கத்துப் பத்திரிகையிலேயே இது வெளிவந்தது.

பக்கத்திலுள்ள கையே தெரியாதவர்களுக்கு, நோயாளியின் "சக்தி" மாத்திரம் எப்படித் தெரியும்? மந்திரிக்கிறவன் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டால் வைத்தியனாகிவிடுவானா?

தோழர்களே! புண்ணைக் கழுவும் கைக்குத் தாராளமாய்க் கூலி கொடுங்கள். காற்றைத் தடவும் கைக்குக் காலணாவும் கொடாதீர்கள்.