பாரன் தீவு எரிமலை: 159 ஆண்டு அமைதிக்குப் பின் விழித்தெழுந்தது உணர்த்துவது என்ன?

பிரேசர் டவுன் (பெங்களூரு): அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு எரிமலை, 2025 செப்டம்பர் 13 மற்றும் 20 ஆகிய தேதிகளில் மிதமாக வெடித்தது. இந்தியாவில் உயிர்ப்புடன் இருக்கும் ஒரே எரிமலை இதுவே. மனிதர்கள் வசிக்காத தீவு என்பதால் உயிர்ச்சேதம் ஏதுமில்லை. செய்தியும் விரைவில் மறக்கப்பட்டது.

பெங்களூருவுக்குக் கிழக்கே, ஏறக்குறைய அதே அட்சரேகையில், சுமார் 1,750 கி.மீ. தொலைவில் இத்தீவு உள்ளது. பெங்களூரு நகரம் 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான தீபகற்ப நைஸ் பாறையின் மீது அமைந்திருக்கிறது. லால்பாக் குன்றில் அந்தப் பாறையை நேரில் காணலாம். இங்கு எரிமலை அபாயம் இல்லை. ஆயினும், நகரவாசிகளுக்கு இவ்விஷயத்தில் தொடர்பே இல்லை என்று கூறிவிட முடியாது.

கடலுக்கு அடியில் பெரும் மலை

இந்தியப் புவித்தட்டு, பர்மா தட்டுக்கு அடியில் அமிழ்ந்து செல்வதால் உருவான எரிமலை இது. ஆழத்தில் தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அவ்வாறு உருகிய பாறைக் குழம்பு மேலெழுகிறது. எரிமலைக் குழம்பும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து உயர்ந்ததால் இது அடுக்கு எரிமலை என வகைப்படுத்தப்படுகிறது.

கடல் மட்டத்திற்கு மேல் தெரியும் பகுதியின் உயரம் சுமார் 350 மீட்டர் மட்டுமே. அதன் அடித்தளமோ 2,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உள்ளது. நாம் காணும் தீவு, ஒரு பெரும் மலையின் உச்சி மட்டுமே.

நீண்ட உறக்கம்

இதன் வெடிப்பு முதன்முதலில் பதிவானது 1787-ஆம் ஆண்டில். 1832-க்குப் பின் 159 ஆண்டுகள் அமைதியாக இருந்த எரிமலை, 1991 மார்ச் மாதம் மீண்டும் விழித்தது. 1994-95-லும் வெடிப்பு நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்திற்குச் சில மாதங்கள் கழித்து, 2005 மே மாதம் மற்றொரு கட்டம் தொடங்கியது. 2017 ஜனவரியில் கோவா தேசியக் கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் கப்பலில் இருந்தவாறே வெடிப்பை நேரில் கண்டனர். ஒரு தலைமுறையின் நினைவில் வெடிப்பு இல்லை என்பதால் எரிமலை அணைந்துவிட்டதாகக் கருத முடியாது என்பதே இதன் பாடம்.

வானில்தான் ஆபத்து

தொலைவில் வசிப்போருக்கு எரிமலையால் நேரும் பாதிப்பு பெரும்பாலும் வான்வழியாகவே வருகிறது. சாம்பலில் உள்ள நுண்ணிய கண்ணாடித் துகள்கள் ஜெட் என்ஜினின் வெப்பத்தில் உருகி, சுழல் தகடுகளில் ஒட்டி இறுகுகின்றன. விமானத்தின் வானிலை ரேடாரில் உலர்ந்த சாம்பல் தென்படுவதில்லை. 1982 ஜூன் 24 அன்று இந்தோனேசியாவின் காலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு என்ஜின்களும் செயலிழந்தன. பின்னர் அவை மீண்டும் இயங்கியதால் விமானம் ஜகார்த்தாவில் தரையிறங்கியது.

2024 நவம்பரில் லெவோட்டோபி எரிமலை வெடித்தபோது, இந்திய நிறுவனங்களும் பாலி தீவுக்கான விமானங்களை ரத்து செய்தன. பெங்களூருவில் இருந்து பாலிக்கு நேரடிச் சேவை இருப்பது குறிப்பிடத்தக்கது. 2025 நவம்பர் 23 அன்று வெடித்த எத்தியோப்பியாவின் ஹேலி குப்பி எரிமலையின் சாம்பல், மறுநாள் இரவே டெல்லி வான்பரப்பை எட்டியது.

இத்தகைய ரத்துகள் பயணிகளுக்குச் சிரமம் தருபவை. ஆனால் அவை அளவுக்கு மீறிய எச்சரிக்கை அல்ல. பாரன் தீவின் அண்மைய வெடிப்புகள் சிறியவை. எனினும், தென்கிழக்கு ஆசியாவுக்கான வான்வழிகள் வங்கக் கடலையும் அந்தமான் கடலையும் கடந்தே செல்கின்றன. எனவே, வெடிப்பு நிகழும் வேளையில் மட்டுமன்றி, எரிமலை அமைதியாக இருக்கும் ஆண்டுகளிலும் கண்காணிப்பு இடைவிடாது தொடர வேண்டியது அவசியமாகிறது.