ரசிகனின் உரிமையும் ரசிகமணியின் கத்தரியும்

ஆனிச் சாரல் நாளொன்றில், ஐந்தருவியிலிருந்து தென்காசிக்குத் திரும்பும் பேருந்தில் நம் கல்லூரி மாணவர்கள் நால்வர் முன்னிருக்கைகளில் அமர்ந்து உரத்த குரலில் வாதிட்டு வந்தனர். கணினி அறிவியல் பயில்பவர்கள்; பகுதி ஒன்று தமிழுக்காக நம் வகுப்பில் அமர்பவர்கள். ஈரத் துண்டைத் தலையில் போர்த்தியிருந்த ஒருவன், "அப்பன்கிட்டயே நல்லது மிச்சம் இருக்குன்னு நம்புனவன், தூங்குற தங்கச்சி மகன் மேல வாளை ஓங்குவானால? அது லூக்கே கிடையாது" என்றான். "ஓங்கத்தான செஞ்சான், வெட்டலையே" என்றான் மற்றவன். வாதம் இலஞ்சி தாண்டியும் ஓயவில்லை.

உடன் வந்த மூத்த பேராசிரியர் நம் பக்கம் சாய்ந்து, "பொம்மைப் படத்துக்கு இந்தப் பாடு படுறானுவ. கம்பராமாயணத்தில் ஒரு கேள்வி கேட்டா வாயைத் திறக்க மாட்டானுவ" என்றார். நாமும் சிரித்தோம். சிற்றிதழ் படிப்போர், இலக்கியக் கூட்டங்களுக்குச் செல்வோர், தமிழ் கற்பிப்போர் ஆகிய நாம் அனைவரும் இத்தகைய இடங்களில் சிரிக்கும் அந்தச் சிரிப்பைப் பற்றியதே இக்கட்டுரை. அது நியாயமற்ற சிரிப்பு என்பது நம் கட்சி.

ஸ்டார் வார்ஸ் படங்களைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சில வரிகள். ஜார்ஜ் லூகாஸ் 1977இல் தொடங்கிய தொடர் இது. அறிவியல் புனைவு என்பதைவிட, விண்வெளியில் நிகழும் மாயக்கதை என்பதே பொருந்தும். அரசகுமாரி உண்டு, ஒளியாலான வாள் உண்டு, துறவு பூண்ட வீரர் கூட்டம் உண்டு, தந்தைக்கும் மகனுக்கும் போர் உண்டு. 1983இல் வந்த படத்தின் முடிவில், கொடியவனாகிவிட்ட தந்தையைக் கொல்ல மறுத்து லூக் தன் வாளை வீசி எறிகிறான். அந்த மறுப்பே தந்தையை மீட்கிறது. 2015இல் வந்த ஏழாம் பகுதி, முதுமையடைந்த லூக்கிடம் ஓர் இளம்பெண் குடும்ப வாளை நீட்டி நிற்பதோடு முடிந்தது. வாங்குவானா, வாங்கி என்ன சொல்வான் என்று உலகெங்கும் ரசிகர்கள் இரண்டு ஆண்டு காத்திருந்தனர். 2017 டிசம்பரில் ரியான் ஜான்சன் இயக்கத்தில் வெளியான எட்டாம் பகுதியில், 'தி லாஸ்ட் ஜெடாய்' என்ற அப்படத்தில், அவன் வாளை வாங்கித் தோளுக்குப் பின்னால் அலட்சியமாக எறிந்துவிடுகிறான். தங்கை மகன் மீது ஒரு கணம் வாளோங்கிய குற்றவுணர்வே அவனைத் தீவுக்குத் துரத்தியது என்பதும் அப்படத்திலேயே தெரியவருகிறது. ரசிகர் உலகம் இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவுதான் ஐந்தருவிப் பேருந்து வரை வந்து சேர்ந்திருக்கிறது.

நம் மாணவன் எழுப்பிய வினாவைச் சற்றே நிதானமாகப் பார்ப்போம். 'இத்தகைய பண்பினன் இத்தகைய செயலைச் செய்வானா?' என்பது அது. நமக்கு இது புதிய வினாவா? அறத்தின் நாயகன் மறைந்து நின்று அம்பெய்வானா என்று தமிழ்நாட்டுப் பட்டிமன்ற மேடைகள் தலைமுறை தலைமுறையாக வாலியின் பொருட்டு வழக்காடி வருகின்றன. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் கண்ட பின்னர், அவ்வழக்குக்கு நீதிபதிகளும் வந்தனர், தீர்ப்புகளும் வந்தன, மேல்முறையீடும் வந்தது. அங்கே கைதட்டியவர்களை நாம் சுவைஞர் என்கிறோம். பேருந்தில் அதே முறையில் வழக்காடுபவனைப் பொம்மைப் படப் பைத்தியம் என்கிறோம். பாத்திரத்தின் இயல்பை நினைவில் நிறுத்தி, முன் நிகழ்ச்சியோடு பின் நிகழ்ச்சியை ஒப்பிட்டு, முரணைக் கண்டு வருந்துவது வாசிப்பின் முதற்படி. அதை அவன் எவரும் கற்பிக்காமலே செய்கிறான்.

தொடராக வரும் கதையின்மேல் வாசகர் உரிமை கொண்டாடுவதும் நமக்குப் புதிதன்று. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார், ஏன் இப்படிச் சட்டென்று நிறுத்தினீர் என்று வாசகர் மனக்குறை கொண்டனர். கல்கி முடிவுரை எழுதி விடையிறுக்க நேர்ந்தது. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' படித்தவர்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்டனர். 2023 ஏப்ரலில் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வந்தபோது, மணிமேகலையை ஏன் நீக்கினார் என்று நம் இலக்கிய நண்பர்கள் கொதித்த கொதிப்பை நாம் மறந்துவிடவில்லை. கதைமாந்தருக்காகக் கண்ணீர் விடும் உரிமை நமக்கு மட்டும் உண்டு, அவர்களுக்கில்லை என்பது என்ன நீதி?

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த ரசிகர்களின் பக்கமுள்ள பிழையையும் சொல்லியாக வேண்டும். அது சிறிய பிழையன்று. எட்டாம் பகுதி பிடிக்கவில்லை என்றவர்கள் அதனோடு நிற்கவில்லை. அப்படத்தைத் தொடரின் கணக்கிலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்று விண்ணப்பம் எழுதினர். இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் கையொப்பமிட்டனர். அப்படத்தில் நடித்த கெல்லி மேரி டிரான், வியட்நாமிய அகதிப் பெற்றோரின் மகள். அவருடைய பிறப்பையும் தோற்றத்தையும் இழித்து எழுதிக் குவித்தனர். 2018 ஜூனில் அவர் தம் இன்ஸ்டாகிராம் பக்கத்துப் பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டு விலகினார். அதற்கு முன், 1999இல் வந்த பகுதியில் ஒரு கோமாளிப் பாத்திரத்தை ஏற்ற அகமது பெஸ்ட், அக்காலத்தில் தம்மீது பொழிந்த வெறுப்பால் உயிரை விட எண்ணியதாக 2018இல் வெளிப்படச் சொன்னார். எந்தக் கதை பகைவனிடத்தும் நன்மை காணச் சொல்லிற்றோ, அந்தக் கதையின் அன்பர்கள் செய்த காரியம் இது. இதை ரசனை என்ற சொல்லால் வழங்க நமக்கு நாக்கு எழவில்லை.

இதே ரசிகர்கள் ஒருமுறை நியாயத்தின் பக்கமும் நின்றிருக்கின்றனர். பழைய திரைப்படங்களை உரிமையாளர்கள் தம் விருப்பப்படி மாற்றுவது பண்பாட்டுக்கு இழைக்கும் தீங்கு என்று 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தவர் லூகாஸ். அவரே 1997இல் தம் முதல் மூன்று படங்களையும் திருத்தி வெளியிட்டார். 1977 படத்தில் எதிரியை முந்திச் சுட்ட ஒரு பாத்திரம், திருத்தத்துக்குப் பின் எதிரி சுட்ட பிறகே சுடுகிறது. படைத்தவரே ஆனாலும், மக்கள் நெஞ்சில் பதிந்துவிட்டதை அழித்து எழுதலாகாது என்றனர் ரசிகர்கள். அன்று அவர்கள் காத்தது படைப்பை. 2017இல் விண்ணப்பம் எழுதியவர்கள் காத்ததோ, படைப்பைப் பற்றித் தம் மனத்தில் இருந்த படத்தை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

வாயை அடைப்பதும் இதற்கு மருந்தாகாது. 2024 நவம்பரில் நம் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், திரையரங்க வளாகத்தில் ரசிகரிடம் யூடியூப் கருத்துக் கேட்பைத் தடுக்குமாறு திரையரங்க உரிமையாளர்களை வேண்டியது. வசையை வெறுக்கலாம், கருத்தைத் தடை செய்ய முனைந்தால் வசை மட்டுமே எஞ்சும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். 'ரசிகர்' என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு முடி சூட்டப்பட்டதென்றால், அம்முடியைச் சூடியவர் குற்றாலத்தில் வாழ்ந்தவர். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் திருநெல்வேலி வீட்டில் கூடிய வட்டத்தொட்டியும், பிற்காலத்தில் ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலம் வந்ததும் இவ்விதழ் வாசகர் அறியாதவை அல்ல. ஒரு பாடலைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் ஓசையும் உணர்ச்சியும் கேட்பவரின் உடலில் இறங்கும்வரை விடாத அந்த முறை, புலவர் கையிலிருந்த கம்பனைப் பொதுமக்கள் கைக்கு மாற்றியது. இந்தக் கடன் நம்மால் தீர்க்கக்கூடியதன்று.

ஆனால் அவர் கையில் ஒரு கத்தரியும் இருந்தது. கம்பராமாயணத்தில் தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை எல்லாம் செருகுகவிகள் என்று ஒதுக்கினார். ஏற்ற பாடல்களிலும் இடமறிந்து சொற்களைத் திருத்தினார். 'கம்பர் தரும் இராமாயணம்' அவ்வாறு உருவான நூல். கவி இப்படிப் பாடியிருக்க மாட்டான் என்பதே அவருடைய அளவுகோல். 'அது லூக்கே கிடையாது' என்று பேருந்தில் கேட்டோமே, அந்தக் குரலுக்கும் இதற்கும் உள்ள தொலைவு எவ்வளவு? பண்டிதர்கள் அன்று எதிர்த்தனர். நாமோ ரசிகமணியின் மேல் உள்ள அன்பால், இவ்வட்டாரத்தில் இருந்துகொண்டு அதைப் பேசுவதே இல்லை.

பேச வேண்டும். ரசிகமணி எவரையும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. முழுநூலை எரிக்கச் சொல்லவில்லை. மற்றப் பதிப்புகள் நிற்க, தம் தேர்வை அருகில் வைத்தார். ஒவ்வொரு தேர்வுக்கும் பாட்டையே சான்றாகப் படித்துக் காட்டினார். விண்ணப்பக் கூட்டத்துக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு இது. ஆயினும் சுவடி காட்டாத சொல்லைக் கம்பன் சொல் என வழங்கியது பிழையே. உ.வே. சாமிநாதையர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காத்துத் தந்தார். பின்வந்த கம்பன் பதிப்புகள் ஐயத்துக்குரியவற்றை 'மிகைப் பாடல்கள்' என்று தனியே அச்சிட்டன, தூக்கி எறியவில்லை. எண்ணிப் பாருங்கள்: இராமன் இப்படிச் செய்யான், இப்பழியைக் கேளான் என்று நம்பிய ஒரு பக்தர், வாலி அடுக்கடுக்காகக் கேட்கும் கேள்விகளை எல்லாம் செருகுகவி என வெட்டியிருந்தால் கிட்கிந்தா காண்டத்தில் என்ன மிஞ்சியிருக்கும்? வாசகனின் கோபத்தைக் கம்பனே வாலியின் வாயில் வைத்தான். அந்த இடம் நம்மை இன்றும் உறுத்துவதால்தான் அக்காவியம் இன்றும் பேசப்படுகிறது. பிடிக்காத பகுதியை நீக்கச் சொல்பவன், நாளைய வாசகனின் வழக்கையும் சேர்த்தே நீக்குகிறான்.

ஆகவே ரசிகனுக்கு நாம் அளிக்கும் உரிமைப் பட்டியல் இது: கோபிக்கலாம், மறுக்கலாம், வேறொன்றை எழுதி அருகில் வைக்கலாம், இருப்பதை அழிக்கவோ, அதைச் செய்தவரை நோகடிக்கவோ உரிமையில்லை.

ஆசிரியர்களாகிய நம் பங்கும் ஒன்று உண்டு. பேருந்தில் ஈரத்துண்டோடு வாதிட்ட அந்த மாணவன், முதலாண்டில் நம் வகுப்பில் எழுந்து, பாடமாக வைத்திருந்த ஒரு வருணனைப் பாடலைச் சுட்டி, "ஐயா, இது சும்மா நீட்டுன மாதிரி இருக்கே" என்றான். "கம்பனைக் குறை சொல்ல உனக்கு என்ன தகுதி?" என்று கேட்டு அமர வைத்தோம். ரசிகமணியின் ஊருக்கு மூன்று மைல் தொலைவில் இருந்துகொண்டு கேட்டோம். அதன் பிறகு அவன் வகுப்பில் வாய் திறந்ததில்லை. 'வாலி வதை – குறிப்பு வரைக' என்ற வினாவுக்கு வழிகாட்டி நூலில் உள்ளதை வரி பிசகாமல் எழுதி மதிப்பெண் பெற்றுக்கொண்டான். வழக்காடும் தன் ஆற்றலை, வழக்காட விடுகிற இடத்துக்குக் கொண்டுபோய்விட்டான். மூத்த பேராசிரியர் குறைபட்ட மௌனம் நாம் உண்டாக்கியது. கம்பனோடு சண்டையிட விட்டிருந்தால், சண்டையிடும் முறையையும் அங்கேயே கற்றிருப்பான்: பாட்டைக் காட்டிப் பேசுவது, எதிர்க்கட்சியைக் கேட்பது, தோற்றாலும் மறுநாள் அதே பாட்டுக்குத் திரும்புவது. அம்முறையைக் கற்பிக்காமல் விட்டு, இளைஞர்கள் வசைபாடுகிறார்கள் என்று வருந்துவது நமக்கு அழகன்று.

அன்று பேருந்து தென்காசிக்குள் நுழைந்தபோது காசி விசுவநாதர் கோயில் கோபுரம் மழையில் நனைந்து நின்றது. பதினைந்தாம் நூற்றாண்டில் அக்கோயிலை எடுத்த பராக்கிரம பாண்டியர், தாம் எடுத்த பணியில் பின்னாளில் குறை நேர்ந்தால் அதைச் சீர்செய்து காப்பவரின் அடியில் விழுந்து வணங்குவதாகப் பாட்டாகவே கல்லில் வெட்டி வைத்தார். பழைய கோபுரம் சிதைந்து தலைமுறைகள் பல மொட்டைக் கோபுரமாக நின்றது. ஒன்பது நிலையோடு இன்று நிற்பது 1990இல் குடமுழுக்குக் கண்டது. இது பாண்டியர் கட்டிய கோபுரமே அன்று, இதைக் கணக்கில் சேர்க்காதீர் என்று நம்மில் எவரும் விண்ணப்பம் எழுதவில்லை. தமக்குப் பின் பிறர் கை வைப்பர் என்பதை அறிந்த ஒரு மன்னர், அக்கைகளை முன்கூட்டியே வணங்கினார். கதை சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

வரும் பருவத்தில் கிட்கிந்தா காண்டம் மீண்டும் பாடமாக வருகிறது. இம்முறை குறிப்பு வரையச் சொல்லப் போவதில்லை. அந்த நால்வரையும் இரண்டு கட்சியாகப் பிரித்து, இராமன் செய்தது சரியா என்று கேட்கப் போகிறோம். அருகில் அமர்ந்து சிரித்த மூத்த பேராசிரியரை நடுவராக அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.