‘தி ஃபேமிலி மேன் 2’ சர்ச்சை: தடை கேட்டால் மட்டும் போதுமா?

கோலாலம்பூர், ஜூன் 18 – மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அதற்கு மறுநாள் மே 19-ஆம் தேதி, ‘தி ஃபேமிலி மேன்’ இணையத் தொடரின் இரண்டாம் பருவத்துக்கான முன்னோட்டம் வெளியிடப்பட்டது. போராளி உடையில் ஒரு தமிழ்ப் பெண், கறுப்பாக்கப்பட்ட முகம், அவளுக்குத் துணையாகப் பாகிஸ்தான் உளவுத்துறை. இவ்வளவுதான் அதில் தெரிந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்ப அதுவே போதுமாக இருந்தது.

நாம் தமிழர் கட்சியின் சீமானும் மதிமுகவின் வைகோவும் கண்டனம் தெரிவித்தனர். ஆட்சிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத திமுக அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மனோ தங்கராஜ், மே 24-ஆம் தேதி மத்திய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். ஈழத் தமிழரின் போராட்டத்தைக் கொச்சைப்படுத்தும் தொடரை நிறுத்த வேண்டும் அல்லது தடை செய்ய வேண்டும் என்பது அவரது கோரிக்கை. ஆனாலும் ஜூன் 4-ஆம் தேதி, அமேசான் பிரைம் தளத்தில் ஒன்பது பகுதிகளும் வெளியாகின. அதன் பிறகு இயக்குநர் பாரதிராஜாவும் ஒளிபரப்பை நிறுத்தக் கோரி அறிக்கை விட்டார்.

மலேசியாவில் அப்போது முழு முடக்கம் தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. திரையரங்கு இல்லை, திருவிழா இல்லை, கல்யாண வீடு இல்லை. கைத்தொலைபேசியும் தொலைக்காட்சியுமே துணை. தமிழ்நாட்டில் எழுந்த சர்ச்சை இப்படித்தான் இங்குள்ள தமிழர் வீடுகளின் வரவேற்பறைக்கும் வந்து சேர்ந்தது.

கோபம் நியாயமானதா? தொடரைப் பார்த்து முடித்தவர்களுக்கு இதற்கு ஒரே வரியில் பதில் சொல்வது எளிதல்ல.

எடுக்கப்பட்ட விதம்

தொடரை உருவாக்கியவர்கள் ராஜ் நிடிமோரு, கிருஷ்ணா டி.கே. ஆகிய இருவர். ஆந்திராவைச் சேர்ந்த இவர்கள் அமெரிக்காவில் பொறியாளர்களாக வேலை பார்த்துவிட்டுத் திரைத்துறைக்கு வந்தவர்கள். முதல் பருவம் 2019 செப்டம்பரில் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. வீட்டில் மனைவி மக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே நாட்டைக் காக்கும் நடுத்தர வர்க்க உளவு அதிகாரி ஸ்ரீகாந்த் திவாரியாக மனோஜ் பாஜ்பாய் நடித்தார்.

இரண்டாம் பருவத்தில் கதை சென்னைக்கு நகர்கிறது. இந்தியப் பிரதமரும் இலங்கை அதிபரும் சந்திக்கும் இடத்தைச் சிறு விமானம் கொண்டு தாக்க ஒரு சதி நடக்கிறது. லண்டனில் இருந்து நாடு கடந்த அரசை நடத்தும் பாஸ்கரனாக மைம் கோபியும், அவரது தோழர் தீபனாக அழகம்பெருமாளும், தாக்குதலை நிறைவேற்ற வரும் ராஜியாக சமந்தாவும் நடித்திருக்கிறார்கள். எதிர்ப்பு எழுந்தபோது, படக்குழுவில் நடிகர்கள் மட்டுமன்றி எழுத்தாளர்கள் பலரும் தமிழர்களே என்றும், தமிழ்ப் பண்பாட்டின் மீது தங்களுக்கு மரியாதை உண்டு என்றும், முழுத் தொடரையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றும் ராஜ் – டி.கே. கேட்டுக்கொண்டனர்.

அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2013-இல் வந்த ‘மெட்ராஸ் கஃபே’ இந்திப் படத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ராஜீவ் காந்தி கொலையைத் தழுவிய அந்தப் படம், எதிர்ப்பின் காரணமாகத் தமிழ்நாட்டில் திரையிடப்படவே இல்லை. ‘தி ஃபேமிலி மேன் 2’ இந்தித் தொடர்தான் என்றாலும் அதில் தமிழர்கள் தமிழில் பேசுகிறார்கள். வடநாட்டு அதிகாரிகள் பக்கத்தில் நிற்பவரிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். தேவதர்ஷினி நடித்த காவல் அதிகாரி உமையாள், ரவீந்திர விஜய் நடித்த முத்து ஆகியோர் கேலிக்கு வைத்த பாத்திரங்கள் அல்லர், வேலை தெரிந்தவர்கள். உதய் மகேஷ் நடித்த ‘செல்லம் சார்’ சில நிமிடமே வந்து இந்தியா முழுவதும் பேசப்பட்டார். முண்டு கட்டி, ‘ஐயோ’ சொல்லிச் சிரிக்க வைக்கும் ‘மதராஸி’களைக் காலங்காலமாகக் காட்டிவந்த மும்பைத் திரையுலகில் இது சிறிய மாற்றமல்ல.

ராஜியையும் வெறும் கொலைகாரியாகத் தொடர் நிறுத்திவிடவில்லை. நூல் ஆலையில் தலை குனிந்து வேலை பார்க்கும் பெண்ணாக அவள் அறிமுகமாகிறாள். பேருந்தில் உரசும் ஆண், வேலையிடத்தில் தொல்லை தரும் மேற்பார்வையாளர் என எல்லாவற்றையும் வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்கிறாள். போரில் தன் குடும்பத்துக்கும் தன் உடலுக்கும் நேர்ந்ததை அவள் சொல்லும் இடம், தொடரின் கனமான காட்சிகளில் ஒன்று. ஈழப் போர் பற்றிய ஆவணப்படங்களைப் படக்குழு தமக்குக் காட்டியதாகவும், உலகம் பார்த்துக்கொண்டிருக்க ஆயிரக்கணக்கானோர் மாண்டது தம்மை உலுக்கியதாகவும் சமந்தா பின்னர் சமூக ஊடகத்தில் எழுதினார்.

எங்கே இடிக்கிறது?

அப்படியானால் குறை எங்கே?

முதலில் கண்ணில் படுவது நிறம். சமந்தாவின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசப்பட்டிருக்கிறது. ஈழப் பெண் என்றால் கறுப்பு, போராளி என்றால் இன்னும் கறுப்பு என்ற கணக்கு இது. இயல்பாகவே அந்த நிறமுள்ள ஒரு நடிகையைத் தேடியிருக்கலாமே என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லை. அடுத்து மொழி. ஈழத் தமிழின் ஓசையும் சொற்களும் காதுக்குப் பழகியவர்களுக்கு, ராஜி பேசுவது யாழ்ப்பாணத்துப் பேச்சா, சென்னைப் பேச்சா என்ற குழப்பம் வரும். பிரான்சில் எடுக்கப்பட்டு 2015-இல் கான் விழாவின் உயரிய விருதைப் பெற்ற ‘தீபன்’ படத்தில், முன்னாள் போராளியான எழுத்தாளர் ஷோபாசக்தியே நாயகனாக நடித்தார். இங்கே முன்னணி ஈழப் பாத்திரங்களான ராஜி, பாஸ்கரன், தீபன் மூன்றிலும் நடித்தவர்கள் தமிழ்நாட்டுக் கலைஞர்கள்.

நிறமும் மொழியும் மேலே தெரியும் குறைகள். பெரிய குறை கதையின் கட்டுமானத்தில் இருக்கிறது.

கதையில் வரும் இயக்கம் கற்பனை என்றாலும், அது எதைக் குறிக்கிறது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. விடுதலைப்புலிகள் தற்கொடைத் தாக்குதலில் பெண்களை ஈடுபடுத்தியது வரலாறு. 1991 மே 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததும் அதுவே. சிறு விமானங்களைக் கொண்டு 2007-இல் கட்டுநாயக்காவையும் 2009 பிப்ரவரியில் கொழும்பையும் அவர்கள் தாக்கியதும் உண்மை. எனவே இல்லாத ஒன்றைக் காட்டிவிட்டார்கள் என்று அடியோடு மறுக்க முடியாது. ஆனால், அந்த இயக்கத்தைப் பாகிஸ்தான் உளவுத்துறையோடும், முதல் பருவத்தில் வந்த மதத் தீவிரவாதி சாஜித்தோடும் கைகோக்க வைப்பது கதாசிரியரின் வேலை. ஒரு நிலத்துக்கும் மொழிக்குமான போராட்டம் இந்தியாவின் பொது எதிரிகள் பட்டியலில் இன்னொரு பெயராகச் சுருங்குவது இந்த இடத்தில்தான்.

பாஸ்கரன் தாக்குதலுக்கு ஆணையிடுவது தம்பியைப் பறிகொடுத்த ஆத்திரத்தில். ராஜி கிளம்புவது தனக்கு நேர்ந்த கொடுமைக்குப் பழி வாங்க. ஆளுக்கொரு சொந்தக் காரணம் இருக்கிறது. பொதுக் காரணம் தேய்ந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு ராஜி மீது இரக்கம் பிறக்கிறது. ஆனால், இந்தப் போர் ஏன் வந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கேட்டால், தொடரை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

அந்தப் பதில் மலேசியத் தமிழருக்குத் தூரத்துக் கதையுமல்ல. தென்னிந்தியாவில் இருந்து ஒரு கப்பல் மலாயாவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது, இன்னொரு கப்பல் இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்குப் போனது. கங்காணி முறை இரண்டு பக்கமும் ஒன்றே. 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அந்த மலையகத் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த குடும்பங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு அதன் வலியை விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களோ மலாயாவின் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆனது. 1981 ஜூன் தொடக்கத்தில், ஏறக்குறைய 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983-இல் கறுப்பு ஜூலை. நூலகம் எரிந்து சரியாக 40 ஆண்டுகள் நிறைவடைந்த அதே வாரத்தில்தான் இந்தத் தொடர் வெளியானது.

‘தாண்டவ்’ வந்தபோது

‘தி ஃபேமிலி மேன் 2’ முதலில் பிப்ரவரி 12-இல் வருவதாக இருந்தது. ஜனவரியில் அதே நிறுவனத்தின் ‘தாண்டவ்’ தொடர், இந்துக் கடவுளரை இழிவுபடுத்துவதாகச் சொல்லப்பட்டு வட மாநிலங்களில் வழக்குகள் பாய்ந்த நேரத்தில் இது தள்ளிப்போனது. ‘தாண்டவ்’ குழு மன்னிப்புக் கேட்டுக் காட்சிகளை மாற்றியது. மார்ச்சில் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. இதற்கிடையில், பிப்ரவரி இறுதியில் இணையத் தளங்களைக் கண்காணிக்கப் புதிய விதிகளையும் இந்திய அரசு அறிவித்தது.

ஆனால், ஒரு மாநில அமைச்சரே கடிதம் எழுதியும், ஈழத் தொடர் குறித்த தேதியில் வெளியானது. யாருடைய மனம் புண்பட்டால் காட்சி வெட்டப்படும், யாருடையது புண்பட்டால் ‘பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்ற பதிலோடு முடியும் என்று தமிழர் கேட்பதில் தவறில்லை. அதே வேளையில், ‘தாண்டவ்’ மீது வழக்குப் போட்டு அச்சுறுத்தியதைக் கருத்துரிமைக்கு எதிரானது என்று கண்டித்துவிட்டு, தமக்கென்று வரும்போது அதே ஆயுதத்தைக் கையில் எடுப்பதும் முரண்தான். இன்று தமிழர் கேட்டு வாங்கும் தடைச் சட்டம், நாளை தமிழர் எடுக்கும் படத்தின் மீதே திரும்பாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இங்கே நடந்தது

அதற்கு மலேசியாவிலேயே சான்று இருக்கிறது. 2013 ஜூலை 3-ஆம் தேதி, இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பதிவு செய்த ‘நோ ஃபயர் சோன்’ என்ற ஆவணப்படம் கோலாலம்பூரில் திரையிடப்பட்டது. தணிக்கை வாரிய அனுமதி பெறாத படம் என்று அந்நிகழ்ச்சியின் ஏற்பாட்டில் இருந்த மனித உரிமை ஆர்வலர் லீனா ஹென்றி மீது திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. முதலில் விடுவிக்கப்பட்ட அவர், மேல்முறையீட்டுக்குப் பின் 2017-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு 10,000 ரிங்கிட் அபராதம் செலுத்த நேர்ந்தது.

உண்மைப் படத்தைக் காட்டியவருக்குத் தண்டனை. கற்பனைக் கதையோ, எந்த வாரியத்தின் கதவையும் தட்டாமல் இணையம் வழியே வீட்டுக்குள் வந்துவிட்டது.

சித்திரிப்பு வெறும் திரை விவகாரம் அல்ல என்பதற்கும் இங்கு எடுத்துக்காட்டு உண்டு. மலேசியா 2014-இல் விடுதலைப்புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. 2019 அக்டோபரில், அந்த இயக்கத்தோடு தொடர்பு எனச் சொல்லி, சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்பட 12 பேர் சொஸ்மா சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டனர். தீபாவளியைக் குடும்பத்தைப் பிரிந்து தடுப்புக் காவலில் கழித்தவர்கள் அவர்கள். 2020 பிப்ரவரி 21-ஆம் தேதி, அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டான்ஸ்ரீ டோமி தாமஸ் குற்றச்சாட்டுகளை மீட்டுக்கொண்டார். கைத்தொலைபேசியிலோ முகநூலிலோ ஒரு தலைவரின் படத்தை வைத்திருப்பது ஒருவரைப் பயங்கரவாதியாக்கிவிடாது என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். சே குவேரா, மாவோ போன்றோரின் படங்களை வைத்திருப்பவர்களையும் அவர் அப்போது சுட்டிக்காட்டினார்.

படம் வைத்திருப்பவருக்கும் குண்டு வைப்பவருக்கும் வேறுபாடு உண்டு என்பதை நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞரே எழுத்தில் விளக்க வேண்டிய நிலை இருந்திருக்கிறது. ‘ஈழம் என்றால் குண்டு’ என்ற ஒரே சித்திரம் பரவப் பரவ, அந்த வேறுபாடு மங்கிப்போகும். ஈழத்துக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியவர்கூடச் சந்தேகத்துக்கு உரியவராகத் தெரிவார். மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை இந்தத் தொடரில் கவலைப்பட வேண்டியது இதுவே.

தடையால் இதைத் தீர்க்க முடியாது. தமிழ்நாட்டில் வெளிவராத ‘மெட்ராஸ் கஃபே’யை உலகம் பார்த்தது, தமிழர் தரப்பு என்ன சொல்கிறது என்பது மட்டும் திரையில் வராமல் போனது. ‘தி ஃபேமிலி மேன் 2’-ஐப் பார்ப்பதும் புறக்கணிப்பதும் அவரவர் விருப்பம். பார்த்த வீட்டில், பிள்ளைகள் தூங்கப் போகும் முன் 1948-ஐப் பற்றியும் 1981-ஐப் பற்றியும் பத்து நிமிடம் பேசலாம். ஈழ எழுத்தாளரின் ஒரு நாவலையாவது எடுத்துக் கொடுக்கலாம். தோட்ட நூலகத்திலோ பள்ளி நூலகத்திலோ அப்படி ஒரு நூல் இல்லையென்றால், வாங்கி வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கலாம்.

ராஜிக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தொடர் சொல்லிவிட்டது. அவள் ஊருக்கு என்ன நேர்ந்தது என்பதை வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.