பாலிகிளினிக்கில் இல்லாத பணியிடம்

ஊர் வழக்கில் இசிஎச்எஸ் என்று அறியப்படும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஓய்வூதியம் பெறும் படைவீரர் ஒருமுறை பங்களிப்புத் தொகை செலுத்திவிட்டால் அவருக்கும் அவரைச் சார்ந்து வாழும் குடும்பத்தினருக்கும் மருத்துவச் செலவை அரசே ஏற்கும் இத்திட்டத்தின் முதல் வாசல், நாடெங்கும் 400க்கும் மேற்பட்ட இடங்களில் இயங்கும் பாலிகிளினிக்குகள். மருத்துவ அலுவலர், பல் மருத்துவர், ஆய்வக நுட்பநர், மருந்தாளுநர் எனத் தொடங்கி ஓட்டுநர், காவலாளி வரை அங்கே யார் யார் பணியாற்ற வேண்டும் என்பதற்கு வரையறுத்த பட்டியல் உண்டு. ஆனால் ஒரு முதியவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒருசேரப் பார்த்து, எது வேண்டும், எது வேண்டாம், எதன் அளவை மாற்ற வேண்டும் என்று மருத்துவருக்கு எடுத்துரைப்பதையே தொழிலாகக் கொண்ட கிளினிக்கல் பார்மசிஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத் துறை இப்பணியிடத்தை ஒவ்வொரு பாலிகிளினிக்கிலும் உருவாக்க வேண்டும். அதைப் பெருநகரங்களில் தொடங்காமல், விழுப்புரம் போன்ற சிற்றூர்கள் மிகுந்த மாவட்டங்களின் பயனாளிகளுக்காகத் தொடங்க வேண்டும்.

படைவீரர் என்றதும் மூத்த குடிமகன் ஒருவரின் உருவம் மனத்தில் எழுவது இயல்பே எனினும், சிப்பாய்களில் பெரும்பாலோர் 15 ஆண்டுப் பணிக்குச் சற்றுக் கூடுதலாக முடித்து, 40 வயதை ஒட்டிய பருவத்திலேயே ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைப் போன்ற ஊர்களில் அவ்வாறு திரும்பியவர் நெல்லோ மணிலாவோ பயிரிட்டு, வங்கியிலோ தொழிற்சாலையிலோ காவலராக இரண்டாவது வேலை பார்த்து, மீதமிருக்கும் முப்பது நாற்பது ஆண்டுகளையும் இதே திட்டத்தின் கீழ்தான் கழிக்கிறார். போர்க்களக் காயத்தைக் காட்டிலும் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, மூட்டுத் தேய்மானம், புராஸ்டேட் வீக்கம் ஆகியவையே அவருடைய நோய்கள். அவை குணமாகித் தீர்பவை அல்ல, மாத்திரையால் கட்டுக்குள் வைக்கப்படுபவை. எனவே முன்னாள் படைவீரர் மருத்துவம் என்பது பெரும்பகுதி மாத்திரை மருத்துவமே. அவருக்குப் பின் தனித்து வாழும் மனைவிக்கும் இது பொருந்தும். மாத்திரை அட்டையில் அச்சான ஆங்கிலப் பெயரைப் படிக்க இயலாமல், அட்டையின் நிறத்தையும் மாத்திரையின் வடிவத்தையும் அடையாளமாகக் கொள்ளும் அவரை, நிறுவனம் மாறியதால் நிறம் மாறிய ஓர் அட்டையே குழப்பிவிடும்.

அந்த மாத்திரைகள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பாலிகிளினிக் மருத்துவர் எழுதுவது ஒரு சீட்டு. அங்கிருந்து பரிந்துரைக்கப்பட்டு, சென்னையிலோ புதுச்சேரியிலோ உள்ள அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையில் தங்கித் திரும்பும்போது தரப்படுவது இன்னொரு சீட்டு. பேருந்து ஏறச் சோம்பும் நாளில் உள்ளூர்க் கிளினிக்கில் போட்டுக்கொள்ளும் ஊசியும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் எந்தச் சீட்டிலும் ஏறாதவை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டு வாசலிலேயே தருகிறார். அது வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை, ஆனால் பாலிகிளினிக்கின் பதிவேட்டுக்கு அது தெரியாது.

இதன் விளைவை ஒரு மருந்தின் வழியே தொடர்ந்து பார்க்கலாம். அம்லோடிபின் என்பது இரத்தக் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை. அது தனி மாத்திரையாகவும் கிடைக்கிறது, டெல்மிசார்ட்டன் என்ற வேறொரு மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் கிடைக்கிறது. ஓரிடத்தில் தனியாகவும் மற்றோரிடத்தில் கூட்டாகவும் வாங்கி உட்கொள்பவருக்கு அம்லோடிபின் இருமடங்காகிவிடுகிறது. வணிகப் பெயர்கள் வேறு என்பதால் இரண்டும் ஒன்றென அவர் அறிய வழியில்லை. அளவு கூடும்போது இம்மருந்து கணுக்காலை வீங்கச் செய்யும் இயல்புடையது. வீக்கத்தைக் காணும் வேறொரு மருத்துவர், அது நோயென்று கருதி, உடலிலிருந்து நீரை வெளியேற்றும் மாத்திரையைச் சேர்க்கிறார். மருந்தின் விளைவுக்கு மருந்து எழுதும் இந்த நிலையை மருந்தியலார் மருந்துச் சங்கிலி என்பர். ஏற்கெனவே முழங்கால் வலிக்காக டைக்லோஃபெனாக் போன்ற வலி நிவாரணியை அவர் நாள்தோறும் விழுங்கிவருபவராயின், டெல்மிசார்ட்டன், நீர் மாத்திரை, வலி நிவாரணி ஆகிய மூன்றும் ஒருசேரச் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. சித்திரை வெயிலில் வயலில் நின்று உடலின் நீர் வற்றும் நாளில் அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பாக முடியக்கூடும். சிறுநீரகம் தளர்ந்தால் நீரிழிவுக்கான சில மாத்திரைகள் உடலிலேயே தங்கிச் சர்க்கரையை அபாயகரமாக இறக்கும். இச்சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் எவரும் தவறான மருந்தை எழுதிவிடவில்லை. ஒவ்வொரு சீட்டும் தனித்தனியே சரியானதுதான்.

இதைக் கண்டறிவதற்கு ஸ்கேன் தேவையில்லை, புதிய இயந்திரமும் தேவையில்லை. வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லி, மேசைமேல் கொட்டி, ஒவ்வொன்றின் மூலப்பெயரையும் அளவையும் எழுதி, சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனை முடிவோடு வைத்துப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒருவர் போதும். மருந்து ஒப்புநோக்கல் எனப்படும் இந்த வேலையே கிளினிக்கல் பார்மசிஸ்ட் பணியின் அடித்தளம். அதன்மேல்தான் முதியோருக்கு ஆகாத மருந்துகளை நீக்கப் பரிந்துரைப்பது, இரத்த அழுத்தம் இலக்கை எட்டும்வரை அளவைப் படிப்படியாக மாற்ற ஆலோசனை சொல்வது முதலியவை எழுகின்றன. முதியோருக்கு ஆகாத மருந்துகள் எவை என்பதற்கு அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் தொடங்கிவைத்த பட்டியல் இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. நம்மூரில் மலிவாகக் கிடைக்கும் நீரிழிவு மாத்திரையான கிளிபென்கிளமைடு அதில் இடம்பெற்றிருப்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

இப்போது பாலிகிளினிக்கில் உள்ள மருந்தாளுநரே இதைச் செய்யலாகாதா என்று கேட்கப்படலாம். அவருக்கு விதிக்கப்பட்ட வேலை இருப்பைப் பேணுவது, சீட்டின்படி எடுத்துக் கொடுப்பது, இல்லாத மருந்துக்கு இல்லை என்று எழுதித் தருவது, கணக்கை ஒப்படைப்பது ஆகியவை. அதற்கே பொழுது போதாத ஒருவரிடம், சாளரத்துக்கு வெளியே வரிசை நீண்டிருக்கையில், ஒவ்வொருவரின் பையையும் பிரித்துப் பார்க்கச் சொல்வது நியாயமல்ல. கம்பவுண்டர் என்ற பழைய பெயரால் அறியப்பட்ட அத்தொழிலின் மரியாதையைக் குறைத்துச் சொல்வதாக இதைக் கொள்ளவும் கூடாது. இரண்டும் இருவேறு வேலைகள்.

இந்த வேறுபாட்டை முதலில் நிறுவன அளவில் ஏற்றுக்கொண்ட அமைப்புகளுள் ஒன்று, அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான அந்நாட்டுக் கூட்டரசின் மருத்துவ அமைப்பு என்பது தற்செயலன்று. ஏறத்தாழ 90 லட்சம் பேர் பதிவு செய்துள்ள அவ்வமைப்பு, 1990களின் நடுப்பகுதியிலிருந்தே, வரையறுத்த எல்லைக்குள் மருந்தைத் தொடங்கவும் நிறுத்தவும் அளவை மாற்றவும் கிளினிக்கல் பார்மசிஸ்ட்டுகளுக்கு அதிகாரம் அளித்திருக்கிறது; 2010-இல் ஆரம்ப மருத்துவத்தைக் குழுமுறையாக அது திருத்தியமைத்தபோது மருத்துவர், செவிலியர் ஆகியோரோடு அவர்களையும் அக்குழுவோடு இணைத்தது. படைவீரர் ஓய்வுபெற்ற நாள்முதல் இறுதிவரை ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பதால், இன்று தவிர்க்கப்படும் சிறுநீரகப் பாதிப்பின் சேமிப்பு பத்தாண்டுக்குப் பின் அதே நிறுவனத்தின் கணக்கிலேயே வரவாகிறது. இசிஎச்எஸ் திட்டத்துக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்: மாத்திரையை முறையாகப் பார்க்க மறுக்கும் அரசுதான் பின்னர் டயாலிசிஸ் கட்டணத்தையும் செலுத்துகிறது.

எனினும் அந்த ஏற்பாட்டை முழுவதுமாக இங்கே பெயர்த்து நட இயலாது. அவ்வமைப்புக்குப் பெரும்பாலும் சொந்த மருத்துவமனைகளும் எல்லாக் கிளைகளிலும் திறந்து பார்க்கத்தக்க மின்னணுப் பதிவேடும் உண்டு. இசிஎச்எஸ் உயர் சிகிச்சைக்குப் பெரிதும் தனியார் மருத்துவமனைகளையே சார்ந்திருப்பதால் நோயாளியின் வரலாறு தாள்களாகச் சிதறிக் கிடக்கிறது. மேலும் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் விதிகள், அட்டவணை எச் எனப்படும் பட்டியலிலுள்ள மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்பேரில் மட்டுமே விற்க அனுமதிக்கின்றன. ஆகவே சீட்டெழுதும் அதிகாரத்தை இங்கே கோருவது வீண் சண்டைக்கு வழிகோலும். மருத்துவர் சங்கங்கள் எதிர்க்கும், கோப்பு மூடப்படும். கோர வேண்டியது அதைவிட எளியது: கிளினிக்கல் பார்மசிஸ்ட் பார்த்து எழுதும் பரிந்துரையை மருத்துவ அலுவலர் அன்றே படித்து, ஏற்றோ மறுத்தோ கையொப்பமிடும் முறை. முடிவு மருத்துவருடையதாகவே இருக்கும். ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிகிற மருத்துவருக்கு இது உதவியே தவிர இடையூறு ஆகாது.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த காலத்தில், 1948-இல் நாடு முழுமைக்குமாக இயற்றப்பட்ட மருந்தாளுமைச் சட்டம் பயிற்சியற்றோர் மருந்து வழங்குவதைத் தடுக்கும் நோக்குடையது. அதன்கீழ் 2015-இல் வெளியான தொழில்நடைமுறை விதிகள், நோயாளிக்கு ஆலோசனை வழங்குவதை மருந்தாளுநரின் கடமையாகவே வரையறுத்தன. 2021-இல் வந்த திருத்தம் கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்ற பணிநிலையைப் பெயர் சொல்லியே சேர்த்தது. அதற்கான கல்வியும் இருக்கிறது. 2008-இல் அறிமுகமான பார்ம்.டி. பட்டம், ஐந்தாண்டுப் படிப்பும் மருத்துவமனையில் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது. நோயாளியின் படுக்கையருகே நின்று மருந்தேட்டைப் படிக்கக் கற்பதே அதன் சிறப்பு. தமிழகக் கல்லூரிகளிலும் இதைப் பயின்று வெளிவருவோர் கற்ற வேலையைச் செய்ய இடமின்றி, மருந்து நிறுவனங்களின் அலுவலகங்களில் பக்கவிளைவு அறிக்கைகளைக் கணினியில் ஏற்றும் பணிக்கோ வெளிநாட்டுக்கோ செல்வது, ஆறாண்டுப் படிப்பைச் செலவழிக்கும் விநோதமான வழி என்றுதான் சொல்ல வேண்டும்.

செலவைக் காரணம் காட்டுவோர் ஒன்றைக் கருத வேண்டும். பாலிகிளினிக் ஊழியர்கள் ஒப்பந்த அடிப்படையில் பணியமர்த்தப்படுகிறார்கள். புதிய பணியிடத்தையும் அவ்வாறே நிரப்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இப்பணியின் பயன் நோயாளியை ஆண்டுக்கணக்கில் அறிந்திருப்பதில்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் வாங்கிய வலி மாத்திரையை முதல் சந்திப்பில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நாட்டு மருந்தையும் அப்படியே. மூன்றாவது நான்காவது சந்திப்பில்தான் பையின் அடியிலிருப்பது வெளியே வரும். ஆண்டுதோறும் ஆள் மாறினால் ஒவ்வோர் ஆண்டும் முதல் சந்திப்பாகவே முடியும். ஆதலால் குறைந்தது ஐந்தாண்டு நிலைக்கும் ஒப்பந்தம் தேவை.

மாநில அரசின் பங்கு சிறியது, ஆனால் அது இல்லாமல் வேலை நடவாது. மக்களைத் தேடி மருத்துவத்தின் பயனாளிக்கு வழங்கப்படும் மருந்தின் பெயரையும் அளவையும் தமிழில் எழுதிய ஓர் அட்டை அவர் கையில் இருந்தால், அதை அவர் பாலிகிளினிக்கில் காட்டலாம். அங்கே மாற்றப்பட்டதை ஊர்த் தன்னார்வலரிடமும் காட்டலாம். இரு அரசுகளின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் காலத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓமந்தூரார் என்றாலே அண்ணா சாலையிலுள்ள பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையைத்தான் இன்று சென்னைவாசிகள் நினைக்கிறார்கள். 2014-இல் அது திறக்கப்பட்டதிலிருந்து, ஒரு கிராமத்தின் பெயர் பெருநகரின் உயர் சிகிச்சைக்குப் பெயராகியிருக்கிறது. அக்கிராமத்து முதியவருக்கு அங்கே போக வேண்டிய தேவை வராமல் காக்கும் வேலையோ மாவட்டத்திலேயே செய்யத்தக்கது.

விழுப்புரம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்தோருள் 60 வயதைக் கடந்து ஐந்துக்கு மேற்பட்ட மாத்திரைகளை உட்கொள்வோரை முதலில் அழைக்கலாம். வாரத்துக்கு இரு நாள், ஒருவருக்கு இருபது நிமிடம் எனத் தொடங்கினால் போதும். பாலிகிளினிக்குகளில் மருந்து தரும் இடம் கம்பியிட்ட ஒரு சாளரம். பயனாளி அதன்முன் நின்றபடியே வாங்கிச் செல்லும் வகையில் அமைந்தது. இந்த வேலைக்கு வேண்டியது கதவுள்ள ஓர் அறை, மாத்திரைகளைக் கொட்டிப் பரப்ப ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், படைவீரரோடு வரும் மனைவிக்கு மூன்றாவது ஒன்று.