இருபத்துநான்கு ஊசிகளின் இரகசியம்

"தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்." அண்மைக் காலத்தில் இந்த அறிவுரையைப் பலரிடமிருந்து கேட்டுவிட்டேன். சொன்னவர்கள் எல்லோரும் படித்தவர்கள், என்மீது அக்கறை கொண்டவர்கள். ஆயினும் இதைவிடச் சோம்பேறித்தனமான அறிவுரை வேறொன்று இருக்க முடியாது என்பதே என் கருத்து.

விடயம் இதுதான். வினாயகபுரத்தில் நண்பர்கள் நடத்தும் சிறு வாசிகசாலைக்குப் புலம்பெயர்ந்த உறவினர் ஒருவர் பழைய சேவையகக் கணினி ஒன்றை அனுப்பியிருந்தார். பழைய பத்திரிகைப் பக்கங்களைப் படமெடுத்து அதிலே சேமித்து வந்தோம். ஒருநாள் அதன் தாய்ப்பலகை செயலிழந்தது. மின்வழங்கியில் பழுதேதும் இல்லை. இரவு பகலாக உழைப்பதற்கென்றே செய்யப்பட்ட உறுதியான பொருள் அது. ஆகவே புதிய தாய்ப்பலகை மட்டும் வாங்கினோம். பழைய வழங்கியின் 24 ஊசிச் செருகி அதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும் என்று தெரிந்தது. ஆபத்து அங்கேதான் ஒளிந்திருந்தது.

கல்முனையில் கணினி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் பலகையில் செருகுமுன் வழங்கியைத் தனியே மின்னில் இணைத்து, மல்டிமீற்றரால் ஊசி ஊசியாக அளந்தார். "சேர், இதுல கம்பிர நிறத்த நம்ப ஏலா" என்றார். நியமப்படி, கணினி அணைந்திருக்கும் வேளையிலும் ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ற் இருக்கவேண்டும். இதிலே இருந்தது 12. அப்படியே செருகியிருந்தால் புதிய பலகை அன்றே கரியாகியிருக்கும். அவர் மூன்று நாள் பொறுமையாக அளந்து, ஊசிகளின் ஒழுங்கை மாற்றும் இடைக்கம்பி ஒன்றைச் செய்தார். 12 வோல்ற்றை 5 ஆக்கும் சிறு சுற்றுப்பலகை ஒன்றையும் இடையிலே வைத்தார். கணினி உயிர்பெற்றது.

என் கோபமெல்லாம் அந்த மூன்று நாட்களைப் பற்றியதே. அவர் அளந்து கண்டறிந்தது ஏதும் விஞ்ஞானப் புதிர் அல்லவே. ஒரு தாளின் பாதியில் அச்சிடக்கூடிய ஓர் அட்டவணை. தயாரித்தவர்களிடம் அது இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கியவனுக்கு மட்டும் இல்லை!

இதற்கு நியமம் இல்லாமலும் இல்லை. இன்டெல் நிறுவனம் 1995இல் ஏடிஎக்ஸ் நியமத்தை வெளியிட்டது. முதலில் 20 ஊசிகளாக இருந்த செருகி 2003இல் 24 ஆயிற்று. எந்த ஊசியில் என்ன மின்னழுத்தம், எந்தக் கம்பிக்கு என்ன நிறம் என்பதை எவரும் வாசிக்கலாம். ஆனால் 1990களின் இறுதியில் டெல் நிறுவனம், அதே உருவச் செருகியில் ஊசிகளின் ஒழுங்கை மாற்றி வைத்துக் கணினிகளை விற்றது. நம்பி வேறு பலகையைப் பொருத்தியவர்கள் நட்டப்பட்டார்கள். உருவம் வேறாக இருந்தாலாவது மனிதன் எச்சரிக்கையடைவான். உருவத்தை ஒன்றாக வைத்து உள்ளே மாற்றுவதை என்னவென்று சொல்வது?

பாதுகாப்புக்காகத்தான் இந்த மறைப்பு என்பார்கள். மின்வழங்கியின் உள்ளே, மின்னைத் துண்டித்த பின்னரும் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும் என்பது உண்மை. பெட்டியைத் திறப்பது உயிரோடு விளையாடுவதாகும். அந்த இளைஞரும் அதைத் திறக்கவில்லை. பெட்டிக்கு வெளியே வரும் கம்பிகளைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அவற்றின் விபரத்தை மறைப்பதால் விபத்துக் கூடுமேயன்றிக் குறையாது. சேவையகத்தின் தேவைகள் வேறு என்பார்கள். இரண்டு வழங்கிகள் சுமையைப் பகிர்வதற்குத் தனி அமைப்பு வேண்டுந்தான். வேறாகச் செய்யட்டும், மறைக்காமல் செய்யட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சேவையகங்களுக்கென ஓர் ஒழுங்குவிதியை இயற்றியது. தாய்ப்பலகை, மின்வழங்கி முதலியவற்றைப் பழுதுபார்க்கவும் மீளப் பயன்படுத்தவும் கழற்றக்கூடியவாறு அமைக்க வேண்டும் என்ற நிபந்தனை 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நல்லது. ஆனால் கழற்றும் உரிமை பாதி உரிமையே. கழற்றியதை வேறொன்றில் பொருத்த முடியாவிட்டால் அது குப்பைதானே? அதே ஒன்றியம் 2024 டிசெம்பர் முதல் கைத்தொலைபேசிகளுக்கு ஒரே வகை மின்னேற்றியைக் கட்டாயமாக்கியது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

2022இல் அந்நியச் செலாவணி வறண்டு, ஒரு நாளில் 13 மணி நேரம் இருளில் கிடந்த நாடு இது. இறக்குமதி நின்றபோது கையிலிருந்த பொருளைத் திருத்துபவனே எங்களுக்குத் துணையானான். அந்தப் பாடத்தை இத்தனை விரைவில் மறக்கலாமா? அரசாங்கம் பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி வாங்கும் கேள்விப்பத்திரத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்க்கட்டும்: "ஊசி அட்டவணை தராத பொருள் ஏற்கப்படமாட்டாது." இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்குப் பழைய கணினி அனுப்பும்போது அதன் கைந்நூலையும் கம்பிகளையும் சேர்த்தே அனுப்புங்கள். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய மூன்று நாட்களை வேறொருவரின் இரகசியத்துக்காக வீணாக்க வேண்டாம்.