ஆட்டம் முடிந்த பிறகு வரும் அரை மணி நேரம்



சேப்பாக்கத்தில் இரவு கிரிக்கெட் ஆட்டம் முடியும்போது மணி பதினொன்றரையைத் தொட்டுவிடும். மழை குறுக்கிட்டால் இன்னும் தாமதம். ஏறக்குறைய 38,000 பேர் உட்காரும் மைதானம் அது. மூன்று மணி நேரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்த கூட்டம், திரும்பும்போது அரை மணி நேரத்தில் வாலாஜா சாலையிலும் பெல்ஸ் ரோட்டிலும் மொத்தமாக இறங்குகிறது.

வரும் வழி இப்போது எவ்வளவோ தேவலை. 2023-ல் போட்டி டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் போக முடிந்தது. 2024-ல் ஆட்டம் தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து, ஏ.சி. இல்லாத மாநகரப் பேருந்துகளிலும் அந்தச் சலுகை கிடைத்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய ஏற்பாடுகள்.

திரும்பும் வழிதான் கவலை. கொளத்தூருக்கும் மேடவாக்கத்துக்கும் அந்த நேரத்தில் எதில் போவது? கூட்டத்தில் நாலில் ஒருவர் பேருந்தை நம்பினாலே 9,500 பேர். வண்டிக்கு 60 பேர் என்று வைத்தால், ஏறத்தாழ 160 நடை அடிக்க வேண்டும். கடைசிப் பந்து வீசும்போதே முதல் வரிசை வண்டிகள் ஓட்டுநரோடு தயாராக நிற்க வேண்டும். கூட்டம் வெளியே வந்த பிறகு பணிமனைக்குப் போன் போட்டுப் பயனில்லை.

ஒரு முறை அண்ணா சாலை நிறுத்தத்தில் பார்த்தேன். மஞ்சள் ஜெர்சி போட்ட பையன்கள் படிக்கட்டு வரை நெருக்கியடித்து ஏறுகிறார்கள். விசிலை வாயில் வைத்தபடி கூட்டத்தை உள்ளே நகர்த்திக்கொண்டிருந்த நடத்துநர், டிக்கெட் கிழிக்கும் இடைவெளியில் கேட்டார்: “தம்பி, கடைசி ஓவர்ல எத்தனை ரன்?” ஊரே பார்த்த ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. கூடுதல் வண்டி என்றால் கூடுதல் ஆள். அவர்களுக்கு ஒரு டீயும், கழிப்பறையும், மறுநாள் காலை ஓய்வும் சேர்ந்ததுதான் சிறப்புப் பேருந்து.

பெருங்கூட்டத்தை ஊர் சேர்ப்பது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் என்ன செய்கிறோம்? ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள், எந்த ஊர் வண்டி எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே அறிவிப்பு, ஆயிரக்கணக்கில் சிறப்புப் பேருந்துகள். லட்சக்கணக்கானோர் கிரிவலம் முடித்து ஊர் திரும்புகிறார்கள். டிக்கெட்டுக்கும் முன்மாதிரி உண்டு: ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 2018-ல் திறந்த 60,000 பேர் மைதானத்தில், பெரும்பாலான போட்டிகளுக்கு ரயில், பேருந்துப் பயணம் டிக்கெட்டிலேயே அடக்கம். அந்த டிக்கெட் முறையையும் நம் திருவிழா அனுபவத்தையும் சேர்த்தால் சேப்பாக்கத்துக்குப் போதும். பெண்கள் தனியாகவும் ஆட்டம் பார்க்க வரும் காலத்தில், இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

ஆட்டம் முடிந்து நீங்கள் எந்த வழியாக வீடு திரும்பினீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், எந்தத் தடத்தில் வண்டி இல்லை என்று எழுதுங்கள். தடம் எண்ணையும் நேரத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்