27 மீட்டர் டைனோசரும் 3 சென்டிமீட்டர் நண்டும்

சிங்கப்பூரின் சில சிற்றோடைகளில் ஒரு நண்டு வாழ்கிறது. அதன் ஓட்டின் அகலம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். பகலில் கற்களுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ‘ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ்’ என்பது அதன் அறிவியல் பெயர். சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. 1986ல் பேராசிரியர் பீட்டர் இங் அதை ஒரு புதிய இனமாக அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 2012ல் வெளியான, உலகில் மிகவும் அழிவின் விளிம்பில் உள்ள 100 உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது.

இப்போது ஒரு கேள்வி. பெரும் செல்வந்தர் ஒருவர் இயற்கைக்காகச் சில மில்லியன் வெள்ளி கொடுக்க முன்வருகிறார். அந்தப் பணம் இந்த நண்டுக்குப் போகுமா? அல்லது எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் ஒரு டைனோசர் எலும்புக்கூட்டுக்குப் போகுமா?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் கதையைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

ஸ்டாம்ஃபர்டு சாலையில் இருந்த பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தின் விலங்குகள் ஆயிரக்கணக்கில் பாதுகாக்கப்பட்டன. 1892ல் மலாக்கா அருகே கரையொதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே தொங்கியது. 1972ல் அந்த அரும்பொருளகம் வரலாற்றுக்கும் கலைக்கும் முக்கியத்துவம் தரத் தொடங்கியது. விலங்குத் தொகுப்பு பல்கலைக்கழகத்திடம் போனது. நிலையான இடமின்றிப் பல ஆண்டுகள் அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. திமிங்கிலம் 1974ல் கோலாலம்பூருக்குக் கொடுக்கப்பட்டது. ஆய்வாளர்கள் சிலரின் பிடிவாதத்தால்தான் மற்றவை தப்பின.

நிலைமை மாறியது 2009ல். அனைத்துலக அரும்பொருளக தினத்தையொட்டி, பல்கலைக்கழகத்தின் சிறிய காட்சிக்கூடத்துக்கு ஒரே நாளில் ஏறக்குறைய 3,000 பேர் வந்தார்கள். நமக்கென முறையான இயற்கை வரலாற்று அரும்பொருளகம் வேண்டும் என்று நாளிதழ்களில் குரல்கள் எழுந்தன. அதன் பிறகுதான், பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் 10 மில்லியன் வெள்ளி தர முன்வந்தார். லீ அறநிறுவனம் 25 மில்லியன் வெள்ளி தந்தது. பேராசிரியர்கள் லியோ டானும் பீட்டர் இங்கும் முன்னின்று நிதி திரட்டினார்கள். 2010 நடுப்பகுதிக்குள் மொத்தம் 46 மில்லியன் வெள்ளி சேர்ந்தது. 2015 ஏப்ரலில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது.

இதன் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வந்தது பணம் அன்று, மக்கள். அக்கறை காட்ட யாரும் இல்லாத இடத்தில் செல்வந்தர் பணம் போடத் தயங்குவார். வரிசையில் நின்ற அந்த மூவாயிரம் பேரும் ஒரு காசுகூடக் கொடுக்காவிட்டாலும், பெரிய நன்கொடைக்கான கதவைத் திறந்தவர்கள் அவர்கள்தாம்.

அடுத்து டைனோசர்கள் வந்தன. அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டி எடுக்கப்பட்ட மூன்று எலும்புக்கூடுகள். வயது ஏறக்குறைய 150 மில்லியன் ஆண்டுகள். மிகப் பெரியதன் நீளம் 27 மீட்டர். அவற்றை வாங்குவதற்காகத் தனியாக நிதி திரட்டப்பட்டது. அப்போதே சிலர் கேட்டார்கள்: தென்கிழக்காசிய உயிரினங்களுக்கான இடத்தில் அமெரிக்க டைனோசருக்கு என்ன வேலை?

டைனோசரை வாங்கியது தவறில்லை என்பதே என் கருத்து. பார்க்க ஆள் வராத அரும்பொருளகத்தை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். டைனோசரைப் பார்க்க வரும் சிறுவன் ஆமையையும் பறவையையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே போவான். ஆனால், இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கூட்டத்தை ஈர்ப்பது டைனோசராக இருக்கலாம். பணம் எங்கே தேவை என்பதை முடிவு செய்வது அறிவியலாக இருக்க வேண்டும்.

நண்டுக்கு என்ன தேவை என்று பாருங்கள். முதலில் கண்டுபிடிக்கப்பட்ட புக்கிட் தீமா ஓடையிலிருந்து அது மறைந்துவிட்டது. நீரில் அமிலத்தன்மை கூடியது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்படி ஒரு மாற்றம் நடப்பதை உரிய நேரத்தில் அறிய வேண்டுமானால், ஒருவர் ஆண்டுக்கணக்கில் அதே ஓடைக்குப் போய் நீரின் அமில அளவையும் வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். இரவில் கைவிளக்குடன் நண்டுகளை எண்ண வேண்டும். இந்த வேலைக்குத் திறப்பு விழா கிடையாது. கல்வெட்டில் பெயர் பொறிக்கவும் இடமில்லை. அதனாலேயே இதற்கு நன்கொடை கேட்பது கடினம்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு: நிலைநிதி. முதலைத் தொடாமல், அதிலிருந்து வரும் வருமானத்தை மட்டும் செலவிடுவது. கணக்கு எளிது. 10 மில்லியன் வெள்ளி ஆண்டுக்கு 4 விழுக்காடு வருமானம் தந்தால், ஆண்டுதோறும் 400,000 வெள்ளி கிடைக்கும். விலைவாசி உயர்வை ஈடுகட்ட அதில் ஒரு பகுதியை முதலில் சேர்த்துவிட்டாலும், மீதியில் ஆய்வாளர்கள் சிலருக்குச் சம்பளம் கொடுக்கலாம், அவர்களை நியமித்தவர்கள் ஓய்வுபெற்ற பிறகும்.

இது நமக்குப் புதிதன்று. சோழர் காலத்தில் கோயில் விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்று விரும்பியவர் நெய்யை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் எனக் கொடுத்தார். இடையர் மந்தையைப் பராமரித்து நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். இறக்கும் ஆடுகளின் இடத்தைக் குட்டிகள் நிரப்பும். கல்வெட்டுகள் இதைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடுகள்! நண்டுக்கும் அப்படி ஒரு மந்தை வேண்டும். காட்சிப்பொருளுக்காகத் திரட்டப்படும் ஒவ்வொரு பெரிய நன்கொடையிலும் பத்தில் ஒரு பங்கைக் கள ஆய்வுக்கான நிலைநிதியில் போடுவதை நிறுவனங்கள் வழக்கமாக்க வேண்டும் என்பது என் யோசனை.

“இயற்கையைக் காப்பது பணக்காரர்களின் மனத்தைப் பொறுத்ததா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காடுகளைக் காவல் காப்பதும் சட்டத்தை நிலைநாட்டுவதும் அரசாங்கத்தின் கடமை. அதை நன்கொடையை நம்பி விட முடியாது. செல்வந்தர் மனம் மாறலாம்; தொழில் நொடிக்கலாம்; காடு அதுவரை காத்திருக்காது.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் உண்டு. லீ கொங் சியான் மலாயாவின் ரப்பர்த் தொழிலில் செல்வம் ஈட்டியவர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் காடு அழிக்கப்பட்ட இடங்களில் எழுந்தவை. அத்தோட்டங்களில் பால் மரம் வெட்டிய நம் முன்னோர் எத்தனையோ பேர். அந்தத் தொழில் தந்த செல்வத்தின் ஒரு பகுதி இன்று காட்டுயிர்களின் தடயங்களைக் காக்கிறது. அதை மறுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஏற்றுக்கொள்ளலாம், ஆனால், அந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதை ஆராயலாம், எதை வெளியிடலாம் என்று நன்கொடையாளர் யாரும் கட்டளையிடக் கூடாது. அந்த இரண்டும் உறுதியானால், நன்கொடை பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாணவர்களே, உங்களிடம் மில்லியன்கள் இல்லை. ஆனால், 2009ல் வரிசையில் நின்றவர்களிடமும் அவை இல்லை. அடுத்த முறை அந்த அரும்பொருளகத்துக்குப் போனால், டைனோசரை ஆசை தீரப் பாருங்கள். பிறகு அங்கே இருப்பவர்களிடம் அந்த 3 சென்டிமீட்டர் நண்டைப் பற்றிக் கேளுங்கள். அதை எண்ண யார் போகிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பலரும் கேட்கத் தொடங்கினால், நிதி திரட்டுபவர்கள் அதை நன்கொடையாளர்களிடம் கொண்டுபோவார்கள்.